உதட்டுச் சிவப்பின் வீட்டு வரலாறு

தேன்மெழுகு உருகும்போது எழும் மணத்தில் தேனின் இனிப்பு பாதியும் புகையேறிய பலகையின் வாடை பாதியுமாகக் கலந்திருக்கும். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலைப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு அம்மணம் இரு வேறு வேலைகளை நினைவூட்டுவது இயல்பு. ஒன்று ஊரறிந்த வார்ப்புக்கலை. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அக்கலவையில் முதலில் திருமேனியை வடித்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றிவிட்டு, மெழுகிருந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை அது. மற்றொன்று நூல்கள் அதிகம் பொருட்படுத்தாத அடுக்களை வேலை; மார்கழிப் பனியில் உதடு வெடித்த பிள்ளைகளுக்காக, அதே மெழுகில் ஒரு சிறு துண்டைத் தேங்காய் எண்ணெயிலோ நெய்யிலோ உருக்கி ஆறவைத்த களிம்பு. அப்பகுதியின் ஒரு வீட்டில் வளர்ந்து, இன்று சென்னையில் அடுக்ககச் சமையலறை ஒன்றில் தன் மகளுக்காக உதட்டுக் களிம்பு காய்ச்சும் பேத்தி ஒருத்திக்கு, பழைய வீடும் அதன் மனிதர்களும் அம்மணத்தின் வழியாகவே திரும்பி வருகிறார்கள்.

அந்த வீட்டில் உதட்டைப் பேணுவதும் உதடு சிவப்பதும் வெவ்வேறு காரியங்களாக இருந்தன என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். இக்காலத்து உதட்டுச்சாயம் இரண்டையும் ஒரே குழாய்க்குள் அடைத்துவிட்டதால் அவ்வேறுபாடு இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. பேணுதல் என்பது மார்கழியில் தொடங்கித் தை முடியும்வரை நீளும் பருவ வேலை. விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலமிடப் போகும் பெண்பிள்ளைகளின் உதடு பனிக்காற்றில் காய்ந்து தோல் உரியும். அவர்கள் அதை நாவால் ஈரப்படுத்திக்கொண்டே இருப்பார்கள். அந்த எச்சில் உலரும்போது உதட்டிலிருந்த ஈரத்தையும் சேர்த்தே கொண்டுபோய்விடுவதால் வெடிப்பு இன்னும் ஆழமாகும். மற்றத் தோலுக்குத் தானாகவே நெய்ப்பைத் தரும் எண்ணெய்ச் சுரப்பிகள் உதட்டின் செந்நிறப் பகுதியில் பெரும்பாலும் கிடையா. அங்குள்ள மேல்தோலும் மிக மெல்லியது. அதனூடே உள்ளிருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரிவதே உதட்டின் இயற்கை நிறம். இந்த உடற்கூறு எதுவும் அப்பாயிக்கு, அதாவது தஞ்சைப் பக்கத்து வழக்கில் தந்தையைப் பெற்றவருக்கு, தெரிந்திருக்கவில்லை. ஆயினும், "நக்கிக்கிட்டே இருக்காதடி, இன்னும் வெடிக்கும்" என்று அவர் ஒவ்வொரு பிள்ளையையும் அதட்டியதில் அதன் சாரம் முழுவதும் இருந்தது. அதட்டியதும் உறியிலிருந்து வெண்ணெய்ச் சட்டி இறங்கும். மோர் கடைந்த அன்று வெண்ணெய், மற்ற நாள்களில் நெய், அதுவும் இல்லாதபோது விளக்கெண்ணெய். விளக்கெண்ணெய் என்றால் பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள். அதன் வாடை மூக்குக்கு நேர்கீழே நாளெல்லாம் நிற்குமல்லவா!

இத்தகைய வீட்டு மருத்துவத்தில் எல்லாமே அறிவாக இருந்ததென்று கொண்டாடுவது நேர்மையாகாது. உதடு வெடித்தால் தொப்புளில் எண்ணெய் வைக்க வேண்டும் என்பது அவ்வீட்டின் அசையாத நம்பிக்கைகளுள் ஒன்று. இரவில் பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு சொட்டு விடுவார்கள். தொப்புளிலிருந்து உதட்டுக்கு எண்ணெய் சென்றுசேர உடலில் வழி எதுவும் இல்லை. ஆனால் எண்ணெய் தொட்ட அதே விரலைப் பிள்ளையின் உதட்டிலும் ஒரு முறை தடவிவிட்டே அப்பாயி அடுத்த பிள்ளைக்கு நகர்ந்தார் என்பதால், நம்பிக்கைக்குப் பலன் கிடைத்துக்கொண்டே இருந்தது. வாயின் இரு ஓரங்களிலும் வெடித்துப் புண்ணாகும் கடைவாய்ப்புண்ணுக்கு மட்டும் அவர் எண்ணெயை நம்பியதில்லை. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு மசித்துச் சோற்றில் பிசைந்து கொடுப்பார். அவ்வகைப் புண்ணுக்கு ரிபோபிளேவின் எனப்படும் பி2 ஊட்டச்சத்தின் குறைவு ஒரு காரணமாகும் என்று மருத்துவம் கூறுவதோடு ஒப்பிட்டால், மேல்பூச்சை விட்டு உணவை நாடிய அந்த முடிவு தொப்புள் வைத்தியத்தைவிடப் பல படி மேலானது.

மெழுகு அந்த வீட்டுக்கு வந்த வழியும் குறிப்பிடத்தக்கது. வீட்டாருக்குச் சொந்தமாக ஒரு கொடிக்கால் இருந்தது. கொடிக்கால் என்பது அகத்தி மரங்களை நெருக்கமாக நட்டு, அவற்றின்மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றி வளர்க்கும் தோட்டம். கொழுந்து வெற்றிலை பறிக்கும் நாள்களில், ஏறத்தாழ நூறு இலை கொண்ட கட்டான கவுளி ஒன்று வார்ப்புப் பட்டறை வைத்திருந்த ஒரு ஸ்தபதி வீட்டுக்குப் போகும். பட்டறையிலிருந்து, குங்கிலியம் சேர்ப்பதற்கு முன்னுள்ள வெறும் மெழுகில் ஒரு கட்டி திரும்பி வரும். விலை பேசியதாக யாருக்கும் நினைவில்லை. வந்த மெழுகு அசலா என்று பார்க்க அப்பாயி அதில் ஒரு துணுக்கை வாயிலிட்டு மெல்வார். நல்ல மெழுகு வாய்ச்சூட்டில் இளகுமே தவிரப் பல்லில் ஒட்டாது என்பது அவர் வைத்திருந்த அளவுகோல். பிறகு கொதிநீர் உள்ள பாத்திரத்துக்குள் வெண்கலக் கிண்ணத்தை இறக்கி, கிண்ணத்தில் மெழுகையும் எண்ணெயையும் இட்டு, ஈர்க்குச்சியால் கிளறுவார். தேன்மெழுகு இளகும் வெப்பநிலை ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியஸ் என்பதால் கொதிநீரின் சூடே அதற்குப் போதும்; நேரடியாகத் தீயில் வைத்தால் எண்ணெய் முறிந்து, மெழுகின் மணமும் கருகிப்போகும். மெழுகையும் எண்ணெயையும் சேர்த்துத் தோலுக்குப் பூசும் இம்முறை ஓர் ஊருக்கோ நாட்டுக்கோ உரியதன்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் உரோமானியப் பேரரசில் வாழ்ந்த மருத்துவர் காலென் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் ஆகியவற்றைக் கலந்து செய்த குளிர்களிம்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

சிவப்பின் கதை வேறு. அவ்வீட்டில் உதடு சிவப்பதற்கென்று எவரும் எதையும் பூசியதில்லை. உதடு உண்பதனால் சிவந்தது. கூடத்தின் தூணோரம் இருந்த வெற்றிலைச் செல்லம், அதாவது வெற்றிலைக்குரிய பொருள்களை வைக்கும் அறைகள் கொண்ட பித்தளைப் பெட்டி, மதியச் சாப்பாடு முடிந்ததும் திறக்கப்படும். காம்பும் நுனியும் கிள்ளிய இலையின் பின்புறத்தில் சுண்ணாம்பைத் தடவி, சீவலையும் ஒரு துளி காசுக்கட்டியையும் வைத்து மடிக்கும் அப்பாயியின் விரல்கள் ஒருமுறைகூட இலையைப் பார்த்துச் செய்ததில்லை. கண் எப்போதும் வாசலில் போகிறவர்கள் மீதே இருக்கும். காசுக்கட்டி என்பது கருங்காலி வகை மரத்தின் வைரத்தைக் காய்ச்சி இறுக்கிய கட்டி. பச்சை இலையும் வெள்ளைச் சுண்ணாம்பும் பழுப்புச் சீவலும் சேர்ந்து எப்படிச் சிவப்பைத் தருகின்றன என்பது பிள்ளைகளுக்குத் தீராத வியப்பு. பாக்கிலும் காசுக்கட்டியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள், வேதியியலில் பாலிபீனால்கள் எனப்படுபவை, சுண்ணாம்பின் காரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து சிவக்கின்றன. இலை தருவது உறைப்பையும் மணத்தையும் மட்டுமே. எனவே சிவப்பு போதவில்லை என்றால் அதற்குரிய பரிகாரம் சுண்ணாம்பில் இருக்கிறது. ஆனால் ஒரு துளி கூடினால் நாக்கு வெந்துவிடும்.

பிள்ளைகளுக்கு வெற்றிலை விலக்கு. "சின்னப் பிள்ளைங்க வெத்தல போட்டா மாடு முட்டும்" என்ற எச்சரிக்கை அவ்வீட்டில் மட்டுமன்றித் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் வழங்கியதே. திருமணமான பெண் முதன்முதலாகப் பெரியவர்கள் முன்னிலையில் தாம்பூலம் தரிக்கும்போது எல்லாரும் அவளது நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். நன்றாகச் சிவந்திருந்தால் கணவனுக்கு அவள்மீது ஆசை அதிகம் என்று கேலி கிளம்பும். மருதாணி சிவப்பதற்கும் இதே பொருள் கூறப்பட்டது. கேலிக்குப் பயந்து நாக்கை நீட்டாமல் இருந்த சிற்றத்தை ஒருவர், எல்லாரும் உறங்கிய பிறகு அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் தனியாகக் கண்ணாடி பார்த்துக்கொண்டதை அன்று பாய்க்குள் விழித்துக் கிடந்த பேத்தி இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு.

வெற்றிலை கிடைக்காத பிள்ளைகள் சிவப்பை வேறு இடங்களில் தேடிக்கொண்டார்கள். உயரமான கழியின் தலையில் பொம்மையைக் கட்டிக்கொண்டு, அதன் கையைத் தட்டவைத்தபடி தெருவில் வரும் சவ்வு மிட்டாய்க்காரர், இளஞ்சிவப்பு மிட்டாயை இழுத்து இழுத்துக் கைக்கடிகாரமாகவும் மயிலாகவும் செய்து கொடுத்து, கடைசியில் கன்னத்தில் ஒரு துணுக்கை ஒட்டிவிடுவார். அந்தத் துணுக்கு கன்னத்திலிருந்து உதட்டுக்கு இடம் மாறுவதற்குத் தெருமுனை தாண்டவேண்டியதில்லை. நாவற்பழக் காலத்தில் உதடும் நாக்கும் ஊதாவாகும். அது அழகாகக் கருதப்பட்டதில்லை, மரமேறியதற்கான சாட்சியாகவே கருதப்பட்டது. புலவர்கள் இதழுக்கு ஓயாமல் உவமை காட்டிய கோவைப்பழம் வேலியெங்கும் பழுத்துத் தொங்கினாலும், பிள்ளைகளுக்கு அக்கொடியில் பயன்பட்டது இலைதான். சிலேட்டைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்க அதற்கு இணை கிடையாது.

கோடை விடுமுறையில் புதுக்கோட்டைப் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போனால் சப்பாத்திக்கள்ளிப் பழம் கிடைக்கும். அதன் மேலுள்ள பொடிமுட்களைத் தரையில் உருட்டித் தேய்த்துப் போக்கி, உள்ளே நட்சத்திரம் போலிருக்கும் முள்ளையும் எடுத்தெறிந்துவிட்டுத் தின்ற பிள்ளைகளின் வாய், சிவப்பைக் கடந்து செங்கருநீலமாக மாறும். இந்தக் கள்ளிக்கும் உதட்டுச் சிவப்புக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. உலகின் பல உதட்டுச்சாயங்களுக்கு இன்றும் நிறம் தருவது கார்மைன். அது சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற பூச்சியை உலர்த்திப் பொடித்து எடுக்கும் சாயம். மெக்சிகோவிலிருந்து அச்சாயத்தை வாங்கி ஸ்பெயின் ஈட்டிய செல்வத்தைக் கண்ட கிழக்கிந்தியக் கம்பெனியார், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலேயே அதை வளர்க்க முயன்றனர். கம்பெனியின் மருத்துவரும் தாவரவியல் ஆர்வலருமான ஜேம்ஸ் ஆண்டர்சன் அதற்காகச் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். கள்ளி வளர்ந்தது, உயர்ந்த சாயம் தரும் பூச்சி மட்டும் கடைசிவரை வந்து சேரவில்லை.

மஞ்சளிலிருந்து சிவப்பை எடுக்கும் வித்தையும் அவ்வீட்டில் அன்றாடம் நடந்தது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும் அது ஆரத்தியாகச் சிவக்கும். எலுமிச்சைச் சாற்றில் வெங்காரமும் படிகாரமும் கரைத்து, அதில் மஞ்சளை ஊறவைத்துக் காயவைத்து இடித்தால் குங்குமம் கிடைக்கும். ஊருக்கு வந்த மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுற்றி வாசலில் கொட்டப் போகும் தட்டில் விரலைத் தோய்த்து உதட்டில் தடவிப் பார்க்காத பெண்பிள்ளை அத்தெருவில் இருந்திருக்க முடியாது. தடவியவர்கள் கண்டது ஏமாற்றத்தையே. சுண்ணாம்பின் காரம் உள்ளவரைதான் மஞ்சள் சிவப்பாக நிற்கும்; காரம் தணிந்ததும் பழைய மஞ்சளுக்கே திரும்பிவிடும் என்பதால், சிவந்த உதட்டோடு புறப்பட்டவள் மஞ்சள் வாயோடு திரும்பி வருவாள். குங்குமத்தை வெண்ணெயில் குழைத்துப் பூசும் துணிவு சிலருக்கு இருந்தது. வீட்டில் இடித்த குங்குமமாக இருந்தவரை அதில் பெரிய ஆபத்து இல்லை; ஆனால் கடைச் செந்தூரத்தில் ஈயமோ பாதரசமோ கலந்த சிவப்பு இருக்கக்கூடும் என்பதால், நெற்றிக்கு இடும் பொருளை உதட்டுக்குக் கொண்டுபோவது எக்காலத்திலும் கூடாத செயல். உதட்டில் பூசியது வயிற்றுக்குப் போகும். நெற்றியில் இட்டது போவதில்லை.

வேண்டுமென்றே பூசிய சிவப்பை அவ்வூர் பார்த்தது கோயில் திருவிழா நாடகத்தில்தான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், ஓலைத் தட்டிக்குப் பின்னால் அமர்ந்து, அரிதாரத்தையும் முத்துவெள்ளையையும் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகத்தில் அப்பிக்கொள்ளும் நடிகர்களைத் தட்டியின் ஓட்டை வழியே பார்ப்பதற்குப் பிள்ளைகளிடையே போட்டி நடக்கும். அரிதாரம் என்பது பாடாணத்தை, அதாவது ஆர்சனிக்கை, உட்கொண்ட மஞ்சள் கனிமம். அதைப் பூசியவர்களின் தோல் என்ன பாடுபட்டது என்பதை அன்று எவரும் கேட்கவில்லை. பெண்வேடம் கட்டும் ஆண்கள் கடைசியாக உதட்டைச் சிவப்பாக்கிக்கொண்டதும், அதுவரை பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆள் காணாமல் போய் வள்ளி எழுந்து வருவாள். உதட்டில் சாயம் என்றால் வேடம் என்றே ஊர் புரிந்துகொண்டிருந்ததற்கு இது ஒரு காரணம்.

அப்புரிதல் மாறுவதற்குப் பல்லாண்டுகள் ஆயின. டாட்டா குழுமம் 1952இலேயே லக்மே நிறுவனத்தைத் தொடங்கி இந்தியப் பெண்களுக்கான ஒப்பனைப் பொருள்களை உள்நாட்டில் செய்யத் தலைப்பட்டுவிட்டது என்றாலும், காவிரிக்கரைச் சிற்றூர்களின் கூடங்களுக்கு உதட்டுச்சாயம் வந்துசேர அதற்குப் பிறகு ஒரு தலைமுறையாவது பிடித்தது. அவ்வீட்டுக்கு அதை முதலில் கொண்டுவந்தவர், சென்னையில் தட்டச்சு வேலைக்குச் சென்ற பெரிய அத்தை. கொண்டுவந்தார் என்று சொல்வதும் முழுதும் சரியன்று. கும்பகோணம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கைக்குட்டையால் உதட்டை அழுந்தத் துடைத்துவிட்டே டவுன் பஸ் ஏறுவார். துடைத்தும் போகாமல் ஓரத்தில் ஒட்டியிருந்த நிறத்தை ஒருநாள் அப்பாயி பார்த்துவிட்டார். கடிந்து எதுவும் சொல்லாமல், செல்லத்தை அத்தையின் பக்கம் தள்ளி, "வெத்தல போட்டுக்க, வாய் செவந்தது எதனாலன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்றாராம். சாயத்தை மறைக்கச் சாயத்தையே கொடுத்த அந்த யோசனையை அத்தை தம் கடைசிக் காலம்வரை மெச்சிக்கொண்டிருந்தார்.

எனினும் அந்தச் செல்லத்தைப் பற்றி எழுதுபவர்கள் அதன் அழகோடு நிறுத்திக்கொள்வது உண்மையைப் பாதி மறைப்பதாகும். அப்பாயியின் தங்கை, பிள்ளைகள் சின்ன அப்பாயி என்று அழைத்தவர், விழித்திருந்த நேரமெல்லாம் வாயில் சீவலை அடக்கிவைத்திருப்பவர். முதலில் அவருக்குக் குழம்பின் காரம் தாங்கவில்லை. பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைத்தது. பிறகு சோற்றுக் கவளத்தைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி, கடைசியில் கஞ்சியைச் சங்கில் ஊற்றிக் கொடுக்கும் அளவுக்கு வாய் திறப்பது குறுகிப்போனது. வாய்ச்சவ்வின் கீழ் நார்த்திசு தடித்து வாயைத் திறக்கவிடாமல் செய்யும் இந்நோய்க்குப் பாக்கே முதன்மைக் காரணம் என்பதும், அது புற்றுநோயாக மாறக்கூடும் என்பதும் மருத்துவமனையில் சொல்லப்பட்டபோது வீட்டில் எவரும் நம்பவில்லை. கோயிலில் தெய்வத்துக்குப் படைக்கும் பொருள், திருமணத்தை உறுதிசெய்யத் தட்டில் மாற்றிக்கொள்ளும் பொருள், நோயைத் தருமா என்பதே அவர்களது கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தன் 85ஆம் தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. தமிழர் வீடுகளில் மிகப் பழைமையான இயற்கை உதட்டுச் சிவப்பு எதுவென்று கேட்டால் வெற்றிலைப் பாக்கையே சொல்ல வேண்டும்; மிகக் கொடியது எதுவென்று கேட்டாலும் அதையே சொல்ல வேண்டும்.

இன்று வீட்டிலேயே உதட்டுக்கு நிறம் செய்ய விரும்புவோரிடம் இந்த நினைவு இருப்பது நல்லது. ஏனென்றால் செடியிலிருந்து வந்ததெல்லாம் தீங்கற்றது என்ற எண்ணத்தோடே பலரும் இவ்வேலையில் இறங்குகிறார்கள். அடுத்ததாக அவர்கள் இடறும் இடம் பீட்ரூட். பீட்ரூட்டை அரைத்துப் பிழிந்த சாற்றை உருகிய மெழுகில் ஊற்றினால், கிண்ணத்தில் சிவப்பு முத்துகளாக அது தனித்து நிற்குமே தவிர மெழுகோடு கலக்காது. சப்பாத்திக்கள்ளிப் பழத்திலும் உள்ள பீட்டாலெய்ன் வகைச் சாயமே பீட்ரூட்டிலும் உள்ளது; அது நீரில் கரையும், எண்ணெயில் கரையாது; நெடுநேரச் சூட்டையும் வெளிச்சத்தையும் தாங்காது. கலந்ததுபோல் தோன்றும்படி அடித்துக் குழைத்தாலும், சாற்றோடு உள்ளே போன நீரில் சில நாள்களில் பூஞ்சை பிடிக்கும். செம்பருத்தியின் சிவப்புக்கும் ரோஜாவின் சிவப்புக்கும் இதே நீர்க்குணம்தான். இவற்றை அன்றன்று சாறெடுத்து உதட்டில் தொட்டுக்கொண்டு, மேலே களிம்பைப் பூசிக்கொள்வது ஒன்றே முறையான வழி.

எண்ணெயில் கரையும் சிவப்பு ஒன்று தமிழ்நாட்டின் நாட்டு மருந்துக் கடைகளில் நெடுங்காலமாக உண்டு என்பது பேத்திக்கு அப்பாயியின் தலையெண்ணெயிலிருந்து நினைவுக்கு வந்தது. அவ்வீட்டுக் கூந்தல் எண்ணெய்ப் புட்டி மாணிக்க நிறத்தில் இருக்கும். அதன் அடியில் கிடந்தது வேம்பாளம்பட்டை. கருஞ்சிவப்பாக மடல் மடலாக இருக்கும் அப்பட்டையைத் தேங்காய் எண்ணெயில் போட்ட சிறிது நேரத்திலேயே நிறம் இறங்கத் தொடங்கும். மிதமான சூட்டில் வைத்துச் சில நாள் ஊறவிட்டால் நிறம் நன்கு ஏறும். அந்த எண்ணெயைப் பழைய வேட்டித் துணியில் வடித்து மெழுகோடு சேர்க்கும்போது சாயமும் எண்ணெயும் பிரிவதில்லை. தேன்மெழுகு 10 கிராம், வேம்பாளம்பட்டை ஊறிய தேங்காய் எண்ணெய் 20 கிராம், விளக்கெண்ணெய் 10 கிராம், கோகம் பட்டர் என்று விற்கப்படும் முருகல் விதைக் கொழுப்பு 10 கிராம் என்பது ஓர் அளவு. பிள்ளைப் பருவத்தில் ஓடி ஒளியவைத்த விளக்கெண்ணெயை இப்போது அளந்து ஊற்ற வேண்டியிருப்பது வேடிக்கைதான். ஆனால் கடை உதட்டுச்சாயங்களிலும் பளபளப்புக்கும் பிடிமானத்துக்கும் சேர்க்கப்படுவது பெரும்பாலும் அதுவே. ஐந்தில் ஒரு பங்கு மெழுகு உள்ள இக்களிம்பு மார்கழிக்கு ஏற்றது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையிலேயே இளகிவிடும் என்பதால், சென்னையின் சித்திரை வெயிலில் கைப்பைக்குள் இருந்தே களிம்பு குழைந்துபோகும். அப்பருவத்துக்கு மெழுகை நான்கில் ஒரு பங்காக உயர்த்த வேண்டும். காய்ச்சும்போதே ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு ஆறவைத்து விரலால் தேய்த்துப் பார்த்தால் இறுக்கம் தெரிந்துவிடும்; பாகுக்குப் பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதன்று.

இக்களிம்பு தரும் நிறம் மெல்லியது. கடைச் சாயத்தின் அடர்த்தியை எதிர்பார்ப்பவர்கள் இதில் திருப்தி அடையமாட்டார்கள். அடர்த்தி வேண்டுமென்று எலுமிச்சைச் சாறு, இலவங்கப்பட்டைப் பொடி என்று அடுக்களைப் பொருள்களைச் சேர்ப்பவர்கள் உதட்டைச் சிவக்கவைப்பது நிறத்தால் அன்று, எரிச்சலால். நீர் படாத விரலால் எடுத்து, சிறு சிறு டப்பிகளில் இரண்டு மூன்று மாதத் தேவைக்கு மட்டும் செய்து வைப்பதும், முதலில் முன்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதும் கைக்கொள்ள வேண்டிய முறைகள். வீட்டுக்கெனச் செய்வது ஒருவரது விருப்பம். விற்பனைக்கெனச் செய்வதாயின் 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகளின்படி உரிமம் பெற்றாக வேண்டும்.

கும்பகோணத்துச் செல்லம் இப்போது சென்னை வீட்டில் இருக்கிறது. சீவல் இருந்த அறையில் வேம்பாளம்பட்டையும் சுண்ணாம்பு டப்பியில் களிம்பும் உள்ளன. வெற்றிலை போடும் பெரியவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைத் தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெட்டுக்குத்தாக வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். விரல்கள் நுழையவில்லை என்றாலோ, குழம்பின் காரம் முன்போல் தாங்கவில்லை என்று அவர்கள் சொன்னாலோ, காலம் தாழ்த்தாமல் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.